முயல் குடலில் இரண்டு முடிச்சு

கிருமிகளின் வரலாறு – 17

கல்கத்தாவில் 1884-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ராபர்ட் கோக் காலராக் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்ததோடு சென்ற பகுதியை நிறுத்தியிருந்தோம். அவர் ஊர் திரும்பும்போது ஒரு புதிரையும் விட்டுச் சென்றார். காலராவில் இறந்தவர்களின் சிறுகுடலில் காற்புள்ளி வடிவக் கிருமிகள் மொய்த்துக் கிடந்தன. இரத்தத்தில் தேடினால் இல்லை. கல்லீரலில் இல்லை, சிறுநீரகத்திலும் இல்லை. குடலை விட்டு நகராத ஒரு கிருமி, காலையில் நன்றாக இருந்த ஆளை இருட்டுவதற்குள் எப்படிச் சாகடிக்கிறது? கிருமி ஏதோ ஒரு நஞ்சை உண்டாக்குகிறது என்று கோக் ஊகித்தார். ஊகம் சரிதான். அதை நிரூபிக்க 75 ஆண்டுகள் ஆயின. நிரூபித்தவர் அதே கல்கத்தாவின் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ஒரு நோய்க்குறியியல் பேராசிரியர்.

ஏன் அத்தனை தாமதம் என்று கேட்கத் தோன்றும். இதே மாதிரியான புதிரைத் தொண்டை அடைப்பான் நோயில் நான்கே ஆண்டுகளில் அவிழ்த்துவிட்டார்கள். அங்கும் கிருமி தொண்டையோடு நின்றுவிடும்; ஆனால் இதயம் கெடும், நரம்பு செயலிழக்கும். 1888-ல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் எமில் ரூவும் அலெக்சாந்தர் யெர்சினும் அந்தக் கிருமியை வளர்த்த திரவத்தைப் பீங்கான் வடிகட்டி வழியே செலுத்தினார்கள். கிருமி மேலே தங்கிவிட்டது. தெளிந்த வடிநீர் மட்டும் கீழே இறங்கியது. அதை விலங்குகளுக்கு ஊசி போட்டார்கள். ஒரு கிருமிகூட இல்லாத அந்த நீர், நோயின் அடையாளங்கள் அத்தனையையும் வரவழைத்துக் கொன்றது. கிருமி நஞ்சைத் தன் உடலுக்கு வெளியே விடுகிறது என்பது அன்று உறுதியானது.

காலராவிலும் அப்படியே செய்து பார்த்திருக்கலாமே? செய்தார்கள். வடிநீரை விலங்குகளின் தோலுக்கடியிலும் இரத்தத்திலும் வயிற்றறையிலும் செலுத்தினார்கள். காலரா வரவில்லை. 1892-ல் கோக்கிடமே பணிபுரிந்த ரிச்சர்ட் பைஃபர், சூடாக்கிக் கொன்ற காலராக் கிருமிகளைக் கினிப்பன்றிகளின் வயிற்றில் செலுத்தியபோது அவை இறந்தன. நஞ்சு கிருமியின் உடலோடு ஒட்டியது, கிருமி செத்துச் சிதையும்போதுதான் வெளிப்படுகிறது என்று அவர் முடிவுகட்டினார். அவர் கண்டது உண்மையான ஒரு பொருளைத்தான். கிருமியின் வெளிச்சவ்வில் இருக்கும் கொழுப்புச் சர்க்கரை அது. இன்றும் மருத்துவத்தில் அதற்கு முக்கிய இடம் உண்டு. ஆனால் காலராவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெர்லினில் இருந்து வந்த முடிவு என்பதால் யாரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. காலராவின் நஞ்சு உடலுக்குள் இருப்பது என்றே இரண்டு தலைமுறை மருத்துவ மாணவர்கள் படித்தார்கள். அந்த ஆண்டுகளில் வங்காளத்தில் காலராவால் மாண்டவர்களின் எண்ணிக்கையை நினைத்தால், ஒரு தவறான முடிவு கேள்விக்கு ஆளாகாமல் எவ்வளவு காலம் உட்கார்ந்திருக்க முடியும் என்று நெஞ்சு பதறுகிறது.

அந்த முடிவைக் கவிழ்த்த கல்கத்தாப் பேராசிரியர் சம்புநாத் டே. 1915-ல் ஹூக்ளி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்தார். லண்டனில் ராய் கேமரன் என்ற நோய்க்குறியியல் அறிஞரிடம் ஆய்வு செய்து 1949-ல் முனைவர் பட்டம் பெற்றார். ஊர் திரும்பியவருக்கு மருத்துவமனை வார்டுகளில் ஆண்டுதோறும் நிறைந்து வழிந்த காலரா நோயாளிகள் கண்ணில் பட்டார்கள். பக்கத்தில் நவீனக் கருவி எதுவும் இல்லை. இருந்தது ஒரு தெளிவான கேள்வி மட்டும்தான். நோயாளியின் உடம்பில் நடப்பது என்ன? குடலில் இருந்து அரிசி கழுநீர் மாதிரியான திரவம் லிட்டர் லிட்டராக வெளியேறுகிறது. கடுமையான நிலையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர்கூடப் போகும். கண் குழிந்து, தோல் சுருங்கி, இரத்தம் கெட்டிப்பட்டு, நாடி விழுந்துவிடுகிறது. எல்லாமே குடலில் தொடங்குகிறது. அப்படியானால் கிருமியை இரத்தத்தில் ஊசிபோட்டு என்ன பார்க்கிறோம்? குடலுக்குள் அல்லவா விட வேண்டும்?

அதில் ஒரு சிக்கல் இருந்தது. வளர்ந்த முயலுக்கு வாய்வழியே காலராக் கிருமியைப் புகட்டினால் ஒன்றும் ஆகாது. குடலின் அசைவு அதை அடித்துக்கொண்டு போய்விடும். டே செய்த காரியம் மிக எளிமையானது. முயலை மயக்கி, வயிற்றைக் கீறி, சிறுகுடலை மெல்ல வெளியே எடுத்தார். சுமார் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு இடங்களில் நூலால் இறுக்கிக் கட்டினார். நடுவே ஒரு சிறு பை உண்டானது. இரத்த ஓட்டம் தடைபடவில்லை. குடலின் உள்ளோட்டம் மட்டும் நின்றது. அந்தப் பைக்குள் கிருமி வளர்த்த திரவத்தில் கொஞ்சத்தை ஊசியால் ஏற்றினார். குடலைத் திரும்ப உள்ளே வைத்து வயிற்றைத் தைத்தார். மறுநாள் திறந்து பார்த்தபோது, கட்டிய துண்டு உப்பி, விறைத்து, அரிசி கழுநீர் போன்ற திரவத்தால் நிறைந்திருந்தது. கிருமி விடாமல் கட்டி வைத்த துண்டு தட்டையாகவே கிடந்தது. இந்த முறையை 1953-ல் தன் சகா சட்டர்ஜியோடு சேர்ந்து வெளியிட்டார். உலகம் முழுக்க இன்றும் குடல்நோய் ஆய்வகங்களில் இந்த முறை நடைமுறையில் இருக்கிறது. ஈ.கோலை கிருமியின் சில வகைகளும் இப்படியே குடலை உப்ப வைப்பதை 1956-ல் இதே முடிச்சுகளைக் கொண்டு டே காட்டினார்.

அடுத்த படி ரூவும் யெர்சினும் எடுத்த படிதான். கிருமியை முழுக்க வடித்துவிட்டு, தெளிந்த வடிநீரை மட்டும் குடல் பைக்குள் ஏற்றினார் டே. பை உப்பியது. உயிருள்ள கிருமியும் இல்லை, செத்த கிருமியும் இல்லை, வெறும் வடிநீர். கிருமி உயிரோடு இருக்கும்போதே எதையோ வெளியே விடுகிறது, குடலைத் திறந்துவிடுவது அதுதான். 1959 மே மாதம் நேச்சர் இதழில் வந்த அந்தக் கட்டுரை இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அதே ஆண்டில் பம்பாயின் ஹாஃப்கின் நிறுவனத்தில் என்.கே. தத்தாவும் அவரது குழுவினரும் முயல் குட்டிகளை வைத்துத் தனி வழியில் இதே முடிவுக்கு வந்தார்கள்.

பைஃபர் சொன்ன பொருள் கொதிக்க வைத்தாலும் தாங்கும். டே கண்ட பொருள் சூட்டில் வலுவிழந்துவிடும் ஒரு புரதம். இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாங்காக்கில் காலரா நோயாளிகளின் குடலில் இருந்து எடுத்த சிறு திசுக்களை உருப்பெருக்கியில் பார்த்தபோது, குடலின் உட்சுவர் கிழியாமல் அப்படியே இருந்தது. கிருமி குடலைப் புண்ணாக்குவதில்லை. குடலின் செல்களுக்குத் தவறான ஆணை கொடுக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஆணை எப்படிப் போகிறது என்பது அடுத்த இருபது ஆண்டுகளில் துலங்கியது. 1969-ல் அமெரிக்காவில் ஃபிங்கல்ஸ்டைனும் லோஸ்பலூட்டோவும் நஞ்சைத் தூய்மையாகப் பிரித்தார்கள். அது ஆறு துண்டுகள் கூடிய புரதம். ஐந்து துண்டுகள் வளையமாக நின்று குடல் செல்லின் மேலுள்ள ஒரு கொழுப்புச் சர்க்கரையைப் பற்றிக்கொள்கின்றன. ஆறாவது துண்டு உள்ளே நுழைந்து, செல்லின் ஒரு விசையைத் திறந்த நிலையிலேயே பூட்டிவிடுகிறது. செல் குளோரைடை இறைத்துக்கொண்டே இருக்கும். உப்பு போகும் இடத்துக்குத் தண்ணீரும் பின்னாலேயே போகும். குடலின் சுவர் கெடவில்லை என்பதால் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்தால் உடல் உறிஞ்சிக்கொள்ளும். 1971-ல் வங்கதேச அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் திலீப் மகலானபிஸ் இதைப் பெரிய அளவில் செய்து காட்டினார். 30 விழுக்காட்டை ஒட்டியிருந்த இறப்பு, அவர் கையில் 3.6 விழுக்காடாக இறங்கியது. அந்தக் கதைக்குத் தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறேன்.

டேயைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவர் பெயரை ஒரு முறைக்கு மேல் நோபல் குழுவுக்குப் பரிந்துரைத்தார். 1978-ல் ஸ்டாக்ஹோமில் காலரா குறித்து நடந்த நோபல் கருத்தரங்குக்கு அவரை அழைத்தார்கள். ஆனால் இந்தியாவின் எந்த அறிவியல் கழகமும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. 1973-ல் ஓய்வு பெற்று, 1985-ல் காலமானார். 1990-ல் கரண்ட் சயின்ஸ் இதழ் அவருக்கென ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது. தேவைப்பட்ட காலத்தில் வராத மரியாதை அது. நம் நாட்டில் பிறந்த மருத்துவக் கண்டுபிடிப்புகளில் இவருடையது முதல் வரிசையில் வைக்கத் தக்கது என்பது என் உறுதியான கருத்து.

நஞ்சு வெளியே வருகிறது என்று நிரூபித்தாயிற்று. எந்த வழியாக வருகிறது? 1959-ல் இந்தக் கேள்வியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்கத் தொடங்கியபோதுதான் அது எவ்வளவு பெரிய சிக்கல் என்பது புரிந்தது.

ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-ல் கண்டுபிடித்த சாயமுறை பாக்டீரியாக்களை இரண்டாகப் பிரித்தது என்று முன்பே பார்த்தோம். ஊதா நிறத்தைப் பிடித்துவைப்பவை ஒரு வகை. அதை விட்டுவிட்டு இளஞ்சிவப்பாகத் தெரிபவை இன்னொரு வகை. காலராக் கிருமி இரண்டாம் வகை. எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகு காரணம் தெரிந்தது. இளஞ்சிவப்பு வகைக்கு ஒன்றல்ல, இரண்டு சவ்வுகள். உட்சவ்வு, அதற்கு வெளியே மெல்லிய செல்சுவரைத் தாங்கிய ஒரு குறுகிய இடைவெளி, அதற்கு மேல் வெளிச்சவ்வு. வெளிச்சவ்வில் சிறு துளைகள் உண்டு. ஆனால் அவற்றில் சுமார் 600 டால்டன் எடைக்கு உட்பட்ட சிறு மூலக்கூறுகள்தான் புகும். காலரா நஞ்சின் எடையோ 84,000 டால்டனுக்கு மேல். ஓட்டை போட்டுக்கொண்டு வெளியேற முடியாது. சவ்வு கிழிந்தால் கிருமி செத்துவிடும். அப்படியானால் திறந்து மூடும் வாயில் ஒன்று இருந்தாக வேண்டும்.

முதல் சவ்வைக் கடக்கும் விதம் பொது விதியாகவே தெரிந்திருந்தது. வெளியேற வேண்டிய புரதத்தின் முன்முனையில் சுமார் 20 அமினோ அமில நீளத்தில் ஒரு முகவரி இருக்கும் என்று நியூயார்க்கில் குந்தர் புளோபெல் 1970-களில் விளக்கினார்; 1999-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. பாக்டீரியாவிலும் இதே ஏற்பாடுதான். நஞ்சின் ஒவ்வொரு துண்டும் மடியாத நூலாக உட்சவ்வின் குழாய்க்குள் நுழைந்து மறுபக்கம் வருகிறது. வந்தவுடன் முகவரித் துண்டு வெட்டப்படுகிறது. ஜான் பெக்வித்தின் ஹார்வர்டு ஆய்வகம் 1980-களில் இந்தக் குழாயின் மரபணுக்களை ஒவ்வொன்றாகக் கண்டெடுத்தது.

அதன் பிறகு நடப்பதுதான் வியப்பு. 1987-ல் டிமத்தி ஹர்ஸ்டும் யான் ஹோம்கிரனும் காலராக் கிருமிக்குள் நஞ்சின் நகர்வைப் பின்தொடர்ந்தார்கள். துண்டுகள் இடைவெளிக்கு வந்ததும் மடிந்து, ஒன்றோடொன்று கூடி, முழு நஞ்சாக உருவெடுக்கின்றன. சற்று நேரம் அங்கே நிற்கின்றன. பிறகு அந்த முழு வடிவத்திலேயே வெளிச்சவ்வைக் கடக்கின்றன. முதல் சவ்வை நூலாகக் கடந்த புரதம், இரண்டாம் சவ்வை முழு உருவாகக் கடக்கிறது. எந்த வாயில் இத்தனை பெரிதாகத் திறக்கும்?

விடை வேறொரு மூலையில் இருந்து வந்தது. பாஸ்டர் நிறுவனத்தில் ஆந்தனி பக்ஸ்லியின் குழு கிளெப்சியெல்லா என்ற கிருமியை ஆராய்ந்துகொண்டிருந்தது. அது மாவுப்பொருளை அறுக்கும் புல்லுலனேஸ் நொதியை வெளியே விடுவது. அந்த நொதியின் மரபணுவை மட்டும் ஈ.கோலையில் வைத்தால் ஈ.கோலை நொதியைத் தயாரிக்கும், வெளியே விடாது. கிளெப்சியெல்லாவில் அந்த மரபணுவை ஒட்டியிருந்த ஒரு மரபணுக் கூட்டத்தையும் சேர்த்து வைத்ததும் நொதி வெளியே வரத் தொடங்கியது. 1987-ல் கிறிஸ்தோஃப் தென்ஃபெர்ட்டும் பக்ஸ்லியும் இதை வெளியிட்டார்கள். வாயிலைக் கட்டுவதற்கே பத்துக்கு மேற்பட்ட மரபணுக்கள் தேவைப்பட்டன. உருளைக்கிழங்கை அழுக வைக்கும் எர்வினியாவிலும், காயங்களில் புகும் சூடோமோனாஸிலும் இதே கூட்டத்தின் சாயல் தெரிந்தது.

இந்த ஆய்வுகளுக்கு விலை உயர்ந்த கருவி தேவைப்படவில்லை. பால் புரதம் கலந்த வளர்ப்புத் தட்டில் கிருமியைப் பரப்பி ஓரிரவு வைத்தால், புரதத்தைச் சிதைக்கும் நொதியை வெளியே விடும் கிருமித் திட்டைச் சுற்றி வெண்மை கரைந்து தெளிவான வட்டம் விழும். வாயில் கெட்ட கிருமித் திட்டைச் சுற்றி வெண்மை அப்படியே இருக்கும். அதன் உள்ளே நொதி நிறைய இருக்கும், வெளியேற வழியிருக்காது. வட்டம் விழாத திட்டுகளைக் கண்ணாலேயே பொறுக்கி எடுத்து, எந்த மரபணு கெட்டது என்று பின்னால் தேடிப் போவார்கள்.

காலராக் கிருமியில் இந்த வாயிலைக் கண்டுபிடித்தவர் மரியா சாண்ட்க்விஸ்ட். 1993-ல் தொடங்கி 1997 வரையிலான கட்டுரைகளில் அவரும் சக ஆய்வாளர்களும் ஈ.பி.எஸ். என்ற மரபணுக் கூட்டத்தை அடையாளம் காட்டினார்கள். அதில் ஒன்றைக் கெடுத்தால் போதும். நஞ்சு வழக்கம்போல உருவாகும், ஆறு துண்டும் கூடும், ஆனால் இரண்டு சவ்வுக்கு இடையிலேயே தேங்கிவிடும்.

இந்த இயந்திரத்தின் அமைப்பு இப்போது ஓரளவு தெரியும். வெளிச்சவ்வில் ஒரு பெரிய வளையம். ஒரே புரதத்தின் 15 பிரதிகள் கூடி அமைவது அது என்று 2017-ல் குளிர்நிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியது. வளையத்தின் நடுவே கதவு உண்டு. வேலையில்லாதபோது மூடியே இருக்கும். கீழே உட்சவ்வில் ஒரு மேடை. அதற்கும் கீழே, செல்லுக்குள், செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யை எரித்து விசை கொடுக்கும் புரதம். மேடையில் இருந்து ஒரு குட்டைத் தண்டு மேல்நோக்கி வளர்கிறது. குழாய்ப்புட்டைக் குச்சியால் பின்னாலிருந்து தள்ளி, உடையாமல் முழுசாகத் தட்டில் இறக்குவதைப் போல, அந்தத் தண்டு மடிந்த நஞ்சைக் கதவு வழியே வெளியே தள்ளுகிறது என்பதே இன்றைய விளக்கம்.

நான் இந்தத் தொடருக்காகப் படித்தவற்றில் என்னை அதிகம் உலுக்கியது இனிமேல் சொல்லப்போவதுதான். காலராக் கிருமிக்கு மனிதக் குடல் நிரந்தர வீடல்ல. அதன் இருப்பிடம் கழிமுகத்து உவர்நீர். வங்காளத்து ஆற்று முகங்களில் மிதக்கும் நுண்ணிய ஓட்டுயிரிகளின் மேல் ஒட்டி வாழ்கிறது. அந்த ஓடு கைட்டின் என்ற பொருளால் ஆனது. கைட்டினைக் கரைத்துத் தின்ன, கைட்டினேஸ் நொதியை வெளியே விட வேண்டும். அது வெளியேறுவது எந்த வழியாக? இதே ஈ.பி.எஸ். வாயில் வழியாக. புரதத்தை அறுக்கும் நொதியும் இதே வழியில்தான் போகிறது. வாயில் கட்டப்பட்டது சாப்பாட்டுக்காக.

நஞ்சு பின்னால் வந்து சேர்ந்தது. 1996-ல் மாத்யூ வால்டரும் ஜான் மெக்கலானோஸும் காலரா நஞ்சின் மரபணு கிருமியுடைய சொந்தச் சொத்தல்ல என்று காட்டினார்கள். பாக்டீரியாவைத் தாக்கும் ஓர் இழை வடிவ வைரஸ் அதைச் சுமந்து வந்து கிருமியின் மரபணுத் தொகுப்பில் செருகிவிட்டது. வைரஸ் ஏறாத காலராக் கிருமிகள் ஆறுகளிலும் கடலோரங்களிலும் ஏராளம். அவை காலராவை உண்டாக்குவதில்லை. 1992 அக்டோபரில் சென்னையில் முதலில் கண்டறியப்பட்டு, சில மாதங்களில் கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் கலக்கிய ஓ-139 வகை நினைவிருக்கலாம். அதன் மேலுறைச் சர்க்கரை மாறியிருந்ததால், பழைய காலராவுக்கு எதிர்ப்பு பெற்றிருந்த பெரியவர்களும் படுக்கையில் விழுந்தார்கள். உள்ளே இருந்ததோ அதே வைரஸ் கொண்டுவந்த அதே நஞ்சு.

வைரஸ் கிருமியைக் கொல்லாமல் வெளியேறும் வகையைச் சேர்ந்தது. அது எந்த வழியாக வெளியேறுகிறது என்று 2000-ல் வால்டரின் குழு தேடியபோது, அதன் சொந்தத் தொகுப்பில் வெளிச்சவ்வுக்கான வாயில் மரபணுவே இல்லை என்று தெரிந்தது. அதுவும் ஈ.பி.எஸ். வளையத்தைத்தான் பயன்படுத்துகிறது. ஓட்டைக் கரைக்கும் நொதி, மனிதனைச் சாய்க்கும் நஞ்சு, நஞ்சை எழுதிக்கொண்டு வந்த வைரஸ் மூன்றுக்கும் ஒரே கதவு. அந்த வளையத்தை அடைத்துவிடும் மருந்து கிடைத்தால் கிருமி சாகாது. நோய் உண்டாக்கும் திறனை இழக்கும். கொல்லாமல் முடக்கும் மருந்துக்கு எதிர்ப்புத் திறன் உருவாவது மெதுவாகவே இருக்கும் என்ற எதிர்பார்ப்போடு சில ஆய்வகங்கள் அந்தத் தேடலில் இறங்கியிருக்கின்றன. நோயாளிக்குக் கொடுக்கும் நிலைக்கு இன்னும் எதுவும் வரவில்லை.

காலராக் கிருமி நஞ்சைத் திரவத்தில் விட்டுவிடுகிறது. குடல் செல்லைத் தேடிப்போய் ஒட்டுவது நஞ்சின் வேலை. பிளேக் கிருமிக்கு அந்தப் பொறுமை கிடையாது. தன் இரண்டு சவ்வையும் துளைத்து நிற்கும் ஊசி ஒன்றை நேராக நம் வெள்ளணுவின் மேல் வைத்து, புரதங்களை உள்ளே செலுத்திவிடுகிறது. சால்மனெல்லாவில் அதே போன்ற ஊசியை 1998-ல் முதன்முதலில் படம் பிடித்தவர்களின் கதை அடுத்த பகுதியில்.